கெல்டன் அனுப்பிய வாத்து

ஜேபெஸ் வெல்பர்ன் பாராளுமன்றத் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று ஸ்கெர்பி துறைமுகத்தில் செய்தி பரவியதும் முதலில் சிரித்தது அவர் மனைவி தாமசின்தான்.

"நீயா? தேவாலயத்துல எழுந்து நின்னு ரெண்டு வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னாலே இருமுற ஆளு. லண்டன்ல போய் என்ன பண்ணுவே?"

"இருமுவேன்," என்றார் ஜேபெஸ். "பலமா இருமுவேன்."

அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. பன்னிரண்டு வயதில் நிலக்கரிக் கப்பலில் ஏறியவர். இருபத்தாறில் கேப்டன். நாற்பதில் மூன்று கப்பலுக்குச் சொந்தக்காரர், இப்போது ஆறு. கடலை விட்டுக் கரையேறி வருஷம் பதினைந்து ஆகியும் ஊரில் எல்லோருக்கும் அவர் கேப்டன்தான். கப்பல் வைத்திருப்பவரை மாஜிஸ்திரேட் நாற்காலியில் உட்கார வைப்பது அன்றைய வழக்கம் என்பதால் அந்த நாற்காலியிலும் ஆறு வருஷம் உட்கார்ந்தார். அந்த நாற்காலிதான் அவரை அரசியலுக்குத் தள்ளியது, அதுவும் கழுத்தைப் பிடித்து.

நடந்தது இதுதான். 1867 ஜனவரியில் 'அமிட்டி' என்ற அறுபது வயதுக் கப்பலின் மாலுமிகள் பதினோரு பேர், கப்பலில் ஏற மாட்டோம் என்று துறையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபிறகு ஏற மறுத்தால் மாலுமிக்குச் சிறை. ஓட்டைக் கப்பலை ஓட்டச் சொன்ன முதலாளிக்கு ஒன்றும் கிடையாது. அப்படி ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு நாமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம்.

பதினோரு பேர் சார்பில் ஜான் லெங் என்பவன் நீதிமன்றத்தில் பேசினான்.

"ஐயா, பம்பை இழுத்தா தண்ணி வரல, காத்துதான் வருது. கப்பல் ஏற்கெனவே கழுத்து வரைக்கும் அமுங்கி நிக்குது. இன்னும் கரி கொட்டுறாங்க. நீங்க கப்பல்ல இருந்தவரு. ஒரு தடவை வந்து பாருங்க, போதும்."

அமிட்டியை நிர்வகித்தது ராபர்ட் கெல்டன். ஊரில் பெரிய கை, பதினான்கு கப்பல், கப்பல் இன்ஷூரன்ஸ் சங்கத்தின் தலைவன். அவனுக்கு 'அவர்' போட்டு எழுத என் கை வரவில்லை, மன்னிக்கவும். அவன் எழுந்து, பம்பு போன மாதம்தான் பழுது பார்த்தது, இவர்களுக்குக் குளிர்காலத்தில் உடம்பு வளையவில்லை, அவ்வளவுதான் என்றான்.

நீதிமன்றத்திலிருந்து துறைக்கு இருநூறு அடி. ஜேபெஸ் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பம்பின் கைப்பிடியை நாலு தரம் இழுத்தாலே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரம். கப்பல்காரன் சொல்லைக் கப்பல்காரர் நம்பினார். ஏறுங்கள், இல்லையென்றால் பன்னிரண்டு வாரம் உள்ளே இருங்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பட்டாணிக் கூழும் பன்றிக்கறியும் சாப்பிட்டார்.

நான்கு பேர் சிறைக்குப் போனார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள் ஏழு பேர் கப்பல் ஏறினார்கள். நான்காம் நாள் அமிட்டி மூழ்கியது. ஒரு தொப்பிகூடக் கரை ஒதுங்கவில்லை. பன்னிரண்டு வாரம் முடிந்து அந்த நான்கு பேரும் சிறையிலிருந்து முழுசாக வெளியே வந்தபோது, மீன் ஏலத்தில் ஒருவன் சொன்னான்: "ஸ்கெர்பி மாலுமிக்குப் பத்திரமான இடம் ஜெயில்தாம்பா." எல்லோரும் சிரித்தார்கள். ஜேபெஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவமானத்தில் அவருக்குக் காது வரைக்கும் எரிந்தது. அன்றே நாற்காலியை ராஜினாமா செய்தார்.

அடுத்த வருஷம் தேர்தல் வந்தது. கெல்டன் போட்டியில்லாமல் ஜெயித்துவிடுவான் என்று ஊரே நினைத்திருந்த வேளையில் ஜேபெஸ் பெயர் கொடுத்தார். அவர் கேட்டது ஒரே ஒரு சட்டம். மாலுமி கப்பல் சரியில்லை என்று சொன்னால், கப்பலைச் சோதித்துப் பார்க்காமல் அவனைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. வேறு எதைப் பற்றியும் அவருக்குக் கருத்தே இல்லை. அப்போது எல்லோரும் விவாதித்துக்கொண்டிருந்த அயர்லாந்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பத்திரிகைக்காரன் கேட்டதற்கு, போய்ப் பார்த்ததில்லை என்றார்.

தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது கெல்டன் அவரை இன்ஷூரன்ஸ் சங்கத்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினான். கண்ணாடி ஜன்னல் வழியாகத் துறை முழுவதும் தெரியும் அறை அது.

"உட்காரு ஜேபெஸ். டீ குடிக்கிறியா?"

"விஷயத்தைச் சொல்லு."

"பேரை வாபஸ் வாங்கிடு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல." கெல்டன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் நான் உனக்கு ஒரு வாத்து அனுப்புறேனே, நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. இப்ப எதுக்கு அது?"

"எதுக்கு அனுப்புறேன்னு என்னிக்காவது யோசிச்சியா? உன் முகத்து அழகுக்கா?"

ஜேபெஸுக்கு ஒன்றும் புரியவில்லை. கெல்டன் கிறிஸ்துமஸுக்கு ஊரில் இருபது முப்பது வீட்டுக்கு வாத்து அனுப்புவான். பெரிய மனுஷன் பெரிய மனுஷத்தனம் காட்டுகிறான் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தாமசினுக்கு ஞானஸ்நானத்தப்போ அவ ஞானத்தாய் என்ன கொடுத்தாங்க?" என்றான் கெல்டன்.

"ஒரு வெள்ளிக் கரண்டி."

"கரண்டியோட ஒரு காகிதமும் கொடுத்தாங்க. அமிட்டியில ஒரு பங்கு. நீ அவளைக் கட்டின அன்னிக்கு அது உன்னோடதாயிடுச்சு, சட்டம் அப்படி. பழைய கப்பல், பெருசா லாபம் கிடையாது. அதனால சில்லறைப் பங்குக்காரங்களுக்கெல்லாம் எங்க அப்பா காலத்துலேருந்தே வாத்து. முப்பது வருஷமா நீ தின்னது உன் பங்கு லாபம்தான்யா."

எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாதவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். இங்கே ஒரு கப்பல் என்றால் அறுபத்து நான்கு பங்கு. கல்யாணத்துக்குத் தேநீர்ப் பாத்திரம் கொடுப்பதுபோல் ஒரு பங்கை எழுதிக் கொடுப்பார்கள். கசாப்புக்காரர், பாய்மரம் தைப்பவர், பாதிரியார், பாதிரியாரின் அக்கா, எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் ஏதோ ஒரு கப்பலின் காகிதம் கிடக்கும். எந்தக் கப்பல் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆறு கப்பலை ஆளும் ஜேபெஸுக்கு ஏழாவது கப்பலில் தனக்கு ஒரு பங்கு இருப்பது தெரியாமல் போனது இப்படித்தான்.

"அப்ப நான் என் சொந்தக் கப்பல் வழக்குல..." என்று ஆரம்பித்தார் ஜேபெஸ்.

"நீயே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னே. சட்டப்படி தப்பு. வெளியில தெரிஞ்சா ஓட்டு போகும், பேரு போகும். அந்த ஏழு பொம்பளைங்களும் உன்னைத் தெருவுல நடக்க விடமாட்டாங்க. வாபஸ் வாங்கிட்டா நான் ஏன் வாயைத் திறக்கப்போறேன்?"

"அன்னிக்குக் கோர்ட்டுல உனக்கு இது தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

கெல்டன் ஒளிக்கவே இல்லை. "நீ இல்லேன்னா அன்னிக்கு நாற்காலியில பாதிரியார். அவரு இளகின மனசுக்காரரு, கப்பலைப் பார்க்கணும்னு கிளம்பிடுவாரு. நீ கிளம்ப மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. ஜேபெஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுங்க அலுவலகத்தில் ஒரு ஷில்லிங் கொடுத்தால் எந்தக் கப்பலின் பதிவேட்டையும் பார்க்கலாம். கொடுத்தார். அமிட்டியின் பக்கத்தில் இருபத்தேழு பெயர்கள். பதினெட்டாவது பெயர் ஜேபெஸ் வெல்பர்ன்.

வீட்டில் தாமசின் பெட்டியைக் கவிழ்த்துக் காகிதத்தைத் தேடி எடுத்தாள். நாலாக மடித்த மஞ்சள் காகிதம். படித்தாள். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முப்பது வாத்து," என்றாள். "உப்புத் தடவி, ஆப்பிள் வச்சு அடைச்சு, நான்தான் சுட்டேன். கெல்டனுக்கு நன்றின்னு சீட்டு வேற எழுதி அனுப்பினேன்."

"உன் தப்பு இல்ல."

"என் தப்பா இல்லையான்னு நான் கேட்டேனா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப என்ன பண்ணப்போறே?"

"மேடையில நானே சொல்லிடுவேன்."

"ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும். துடைச்சுக்கலாம்."

"ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குதுங்க. சங்கத்துலேருந்து உன்னைத் தூக்கிட்டா நம்ம ஆறு கப்பலும் இன்ஷூரன்ஸ் இல்லாம நிக்கும்."

"தெரியும் தாமசின். பயமாத்தான் இருக்கு. ஆனா அவன் என் வாயில பூட்டுப் போட்டு, சாவியை அவன் சட்டைப்பையில போட்டுக்கிட்டு அலையப் பார்க்கிறான். அதுக்கு நான் ஆள் இல்ல."

தாமசின் அந்தக் காகிதத்தை மறுபடி நாலாக மடித்தாள். பிறகு சொன்னாள்:

"சரி, சொல்லு. ஆனா மேடை ஏறுறதுக்கு முன்னாடி பெத்தியா லெங்கிட்டப் போய்ச் சொல்லு. கூட்டத்துல நின்னு அவ இதைக் கேட்கக் கூடாது."

அமிட்டியோடு மூழ்கிப்போன ஜான் லெங்கின் மனைவி பெத்தியா, மீன்பிடிக் கயிற்றுக்கு இரை கோர்க்கும் கொட்டகையில் வேலை செய்தாள். மட்டி ஓட்டைக் கத்தியால் பிளந்து, சதையை எடுத்து, ஒரு கயிற்றுக்கு முந்நூறு கொக்கிகளில் கோர்க்க வேண்டும். ஐம்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கொட்டகைக்கு எந்த முதலாளியும் வருவதில்லை. நாற்றம் ஒரு காரணம், அந்தப் பெண்களின் வாய் இன்னொரு காரணம்.

"யாரு, கேப்டனா? வழி தவறிட்டீங்களா? எங்களுக்கு ஓட்டு இல்லையே," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஜேபெஸ் பெத்தியாவின் முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். பங்கையும் வாத்தையும் மறைக்கவில்லை. பாதிரியார் உட்கார்ந்திருந்தால் கப்பலைப் பார்த்திருப்பார் என்று கெல்டன் சொன்னதையும் மறைக்கவில்லை. கொட்டகையில் கத்திகள் நின்றன.

பெத்தியா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு உன்னை வந்து பாருன்னு கேட்டாரா இல்லையா?"

"கேட்டாரு."

"எத்தனை அடி?"

"இருநூறு."

"உன் பங்குன்னு தெரிஞ்சிருந்தா நடந்திருப்பியா?"

அந்தக் கேள்வியை ஜேபெஸ் எதிர்பார்க்கவில்லை. யோசித்தார். ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது.

"தெரியாது," என்றார்.

பெத்தியா எழுந்தாள். பக்கத்திலிருந்த வாளியைத் தூக்கினாள். மட்டி ஓடும் சேறும் அழுக்குத் தண்ணீருமாக அவர் நெஞ்சிலிருந்து பூட்ஸ் வரைக்கும் கொட்டினாள். அவர் நகரவில்லை.

"இந்தக் கொட்டகையில வந்து அழுதுட்டு லேசாகலாம்னு பாக்காதே. போ. ஊரு முன்னாடி சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு. ஒண்ணை விட்டாலும் நான் அங்க நிப்பேன்."

திங்கட்கிழமை சந்தைத் திடலில் மர மேடை போட்டார்கள். கெல்டன் ஆட்களுக்கு நீல நாடா, இலவச பீர், பித்தளை வாத்தியம். ஜேபெஸ் பக்கம் மஞ்சள் நாடா கட்டியவர்கள் முப்பது பேர்கூட இல்லை. பீர் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டதால் அந்த முப்பது பேருக்கும் நாக்கு வறண்டிருந்தது.

கெல்டன் முக்கால் மணி நேரம் பேசினான். ராணி, கொடி, வணிகம், பைபிள் எதையும் விடவில்லை. அடுத்து ஜேபெஸ் எழுந்தார். எழுந்ததும் இருமினார்.

"வாயில என்ன, ரொட்டியா அடைச்சிருக்கு?" என்று ஒரு நீல நாடா கத்தினான்.

"இல்ல, வாத்து!" என்று பதிலுக்குக் கத்தினார் ஜேபெஸ். "முப்பது வருஷமா தின்ன வாத்து தொண்டையில நிக்குது. கேளுங்க, துப்பிடறேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அடுக்கு வசனம் எதுவும் இல்லை. அமிட்டியில் எனக்கு ஒரு பங்கு இருந்தது. அது தெரியாமல் நானே தீர்ப்புச் சொன்னேன். தெரியாதது ஒரு தப்பு, எழுந்து நடக்காதது அதைவிடப் பெரிய தப்பு. இந்தப் பங்கை வைத்து என்னை மிரட்டினார்கள், நான் மசியவில்லை. சுங்க அலுவலகப் பதிவேட்டில் இன்னும் இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். அந்தப் பெயர்களை நான் படிக்கப்போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டு வாசலில் கெல்டன் வாத்து வந்திருந்தால் நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

திடலில் பல பேருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த கணம் முதல் முட்டை பறந்து வந்தது. அழுகிய முட்டைக்கோஸ், சேறு, செத்த மீன் என்று பின்னாலேயே வரிசையாக வந்தன. திட்டுவதற்கு ஒருவன் கிடைத்த சந்தோஷத்தில், தாங்களும் பங்குக்காரர்கள்தான் என்பதைச் சிலர் வசதியாக மறந்தார்கள். அவர்கள்தான் அதிகமாக எறிந்தவர்கள், நான் பார்த்தேன். ஜேபெஸ் முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் கடைசிவரை பேசி முடித்தார்.

மேயர் கைதூக்கச் சொன்னார். கைதூக்குவதற்கு யாருக்கும் தடையில்லை, ஓட்டு இல்லாதவர்கள்கூடத் தூக்கலாம். கெல்டனுக்குத் திடல் நிறையக் கைகள். ஜேபெஸுக்கு மஞ்சள் நாடாக்களும், அந்தச் சிறைக்குப் போய் வந்த நான்கு மாலுமிகளும். கூட்டத்தின் ஓரத்தில் ஏழு விதவைகளும் சால்வைக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெத்தியாவின் கை எழவில்லை.

"தோல்வியை ஒத்துக்கிறீங்களா வெல்பர்ன்?" என்றார் மேயர்.

"மாட்டேன்," என்றார் ஜேபெஸ், முட்டை வழியும் தாடியுடன். "முறைப்படி ஓட்டெடுப்பு வேணும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓட்டெடுப்பு தொடங்கியது. ஊரில் ஓட்டுள்ளவர்கள் நானூற்றுச் சொச்சம். அந்தக் காலத்தில் ஓட்டுச் சீட்டு, பெட்டி எதுவும் கிடையாது. ஓட்டுள்ளவன் நான்கு படி ஏறி, மேடையில் நின்று, குமாஸ்தா காதில் விழும்படி பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓட்டுப் பெற்ற வேட்பாளர் பக்கத்திலேயே நின்று தொப்பியைத் தூக்கி நன்றி சொல்வார். கெல்டனுக்கு இது கரும்பு. யார் தனக்கு எதிராகச் சொன்னான் என்பது அங்கேயே தெரிந்துவிடும். மறுநாள் அவனால் கயிறு விற்க முடியாது, கறி விற்க முடியாது, வாடகை வீட்டில் இருக்க முடியாது.

பதினோரு மணிக்குக் கணக்கு, கெல்டன் 141, வெல்பர்ன் 96. தாமசின் மேடைக்குக் கீழே நின்று ஒவ்வொரு ஓட்டுக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜேபெஸ் குமாஸ்தாவின் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஓட்டில் தோற்றால் தன் பெயர் போவதோடு முடியாது, அந்தச் சட்டத்தையும் இன்னொருவன் வாய்விட்டுக் கேட்கப் பத்து வருஷம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்த ஏழு பேரும் வந்தார்கள். கொட்டகை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ஏப்ரனில் மட்டிச் சேறு காயாமல், நேராகப் படிக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். யாரும் கத்தவில்லை. படிமேல் கால் வைத்தவர் கசாப்புக்கடை மார்வுட். கோட்டில் பெரிய நீல நாடா.

"என்னங்க மார்வுட்," என்றாள் பெத்தியா, வெகு சாதாரணமாக. "அமிட்டி மூழ்குறதுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்டுக்கு வாத்து வந்துச்சா?"

மார்வுட் நின்றார்.

"கேட்டது காதுல விழலியா? வாத்து. எங்க வீட்டுக்கு வரல. அதான் கேக்குறேன்."

மார்வுட் மேலே ஏறினார். பெயரைச் சொல்லும்படி குமாஸ்தா கேட்டான். கெல்டன் வழக்கப்படி முன்கூட்டியே தொப்பியைத் தூக்கிவிட்டான்.

"கெ..." என்றார் மார்வுட். கீழே ஏழு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. "வெல்பர்ன்."

தூக்கிய தொப்பியைக் கெல்டன் மறுபடி தலையில் வைத்துக்கொண்டதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். அவன் கோபத்தில் போலீஸ்காரனைக் கூப்பிட்டான்.

"இவளுங்களை அப்புறப்படுத்து!"

போலீஸ்காரன் மேயரைப் பார்த்தான். மேயர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஓட்டுப் போடுபவனை அடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, லஞ்சம் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. வாத்தைப் பற்றி விசாரிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

"சாயங்காலம் வரைக்கும் இங்கதான் நிப்போம்," என்றாள் பெத்தியா. "எங்களுக்கு வீட்டுல காத்துக்கிட்டு இருக்க ஆளு இல்ல."

அதன்பிறகு ஒவ்வொருவரும் அந்த நான்கு படியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. எங்க வீட்டுக்கு வரல, உங்க வீட்டுக்கு வந்துச்சா? ஒரே கேள்வி, குரல் உயராமல். ரொட்டிக்கடைக்காரர் படிக்கட்டுவரை வந்து, திரும்பி, தெருவைச் சுற்றி, மறுபடி வந்து "வெல்பர்ன்" என்று முனகிவிட்டு ஓடினார். பாய்மரம் தைக்கும் கிழவர் மேலே நின்று அழுதார். "எனக்கு ரெண்டு பங்கு. ரெண்டு வாத்து வந்துச்சு," என்று கேட்காமலே சொன்னார். எல்லோரும் அப்படி இல்லை. கயிற்றுக்கடை கேல், "வந்துச்சு, ருசியாவும் இருந்துச்சு. கெல்டன்!" என்று கத்திவிட்டுப் போனான். ஓட்டுப் போடாமல் பின்வாசல் வழியாக நழுவியவர்களும் உண்டு. பயத்தை வளர்ப்பதற்காகக் கெல்டன் போன்றவர்கள் கட்டிக்காத்த வழக்கம்தான் வாய்விட்டுச் சொல்லும் ஓட்டு. அன்று மத்தியானம் அது அவர்கள் கைமீறிப் போய்விட்டது. கெல்டனுக்குப் பயப்படுவதா, இந்த ஏழு பேர் முகத்தைப் பார்ப்பதா என்று ஸ்கெர்பி ஆண்கள் அன்றுதான் முதல் தடவையாகத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது.

நான்கு மணிக்கு மணியடித்தார்கள். கெல்டன் 201. வெல்பர்ன் 207.

மஞ்சள் நாடாக்கள் ஒரு நொடியில் முந்நூறு ஆகிவிட்டன, எங்கிருந்துதான் வருவார்களோ. ஜெயித்தவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றுவது வழக்கம். நேற்று முட்டை எறிந்த கைகளே இன்று நாற்காலியைத் தூக்கின. ஜேபெஸ் உட்கார்ந்தார். இரை கோர்க்கும் கொட்டகை வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கினார். தாமசினும் பின்னால் வந்தாள்.

பெத்தியா விட்டுப்போன கயிற்றை எடுத்து வைத்துக் கோர்த்துக்கொண்டிருந்தாள். முந்நூறு கொக்கியில் இன்னும் பாதி பாக்கி.

"பெத்தியா, இன்னிக்கு நீ பண்ணினது..."

"உங்களுக்காகப் பண்ணல கேப்டன்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி." அவள் ஒரு மட்டியைப் பிளந்தாள். "வேற என்ன கேக்க வந்தீங்க? மன்னிச்சேனான்னா? இல்ல. மன்னிக்கல."

ஜேபெஸ் தலையை ஆட்டினார். தாமசின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டா நீங்க நிம்மதியாத் தூங்கிடுவீங்க," என்றாள் பெத்தியா. இப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். "லண்டன்ல அந்தச் சபையில தூங்குற ஆளுங்க ஏற்கெனவே நிறைய பேரு இருக்காங்களாம். எங்களுக்குத் தூங்காத ஆளு ஒருத்தன் வேணும். அதுக்குத்தான் உங்களை அனுப்புறோம். சட்டத்தை வாங்கிட்டு வந்து கேளுங்க, அப்புறம் பாக்கலாம்."

"வருஷக்கணக்கா ஆகும் பெத்தியா. கெல்டன் மாதிரி நூறு பேரு அங்க உட்கார்ந்திருக்காங்க."

"ஆகட்டும்," என்றாள் அவள், அடுத்த மட்டியை எடுத்துக்கொண்டே. "நான் எங்க போகப்போறேன்?"